நாற்பதுக்கு முப்பத்தொன்பது

மாஸ்டர் பயந்துவிட்டார் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அவர் ஜோக் அடிப்பார்.

இருபத்தெட்டு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்திய மனுஷன். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஓட்டும் வண்டியில் பக்கத்து சீட்டில் அவர் உட்காருவார். அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வரும். ஓட்டுகிறவருக்குக் கைகால் ஓடாது, ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப் போயிருக்கும். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் ஊஞ்சலில் ஆடுகிறவர் மாதிரி சொல்லுவார்: "லாரிக்காரர் நமக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கு, கட்டிப்பிடிக்கவே வர்றாரு." ஓட்டுகிறவர் சிரித்துவிடுவார். சிரித்தால் பிடி தளரும், பிடி தளர்ந்தால் வண்டி ஒதுங்கும். அதற்குள் மாஸ்டரின் வலது கால் பிரேக்கைப் பாதி மிதித்திருக்கும். லாரி எவ்வளவு கிட்டே வருகிறதோ, அவ்வளவுக்கு அவர் குரல் லேசாகும். இதுதான் அவர் தொழில் ரகசியம்.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் அதே சீட்டில் உட்கார்ந்து அவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள். மூன்றாம் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் அவர் ஜோக் சொன்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் மட்டும் சடாரென்று ரோட்டைப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்தது. கண்டுபிடிக்கும்போதே இடுப்பெலும்பு வரை போயிருந்தது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் மனைவியிடம், "நமக்கும் பெரிய மனுஷங்களுக்கு வர்ற வியாதியெல்லாம் வருதுடி" என்றார். அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை அவளுக்கு. அன்றைக்கு மாஸ்டர் ஒரு முடிவு எடுத்தார்: வீட்டில் இனி ஜோக் கிடையாது. வீட்டில் வாயை மூடிக்கொண்டு, பேசவேண்டிய எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் பேசினார்.

ஆஸ்பத்திரியின் பகல் வார்டில் பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள். மருந்து ஏற்றிக்கொள்ள, ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்க என்று திங்களும் வியாழனும் மாஸ்டர் வருவார். நாலாம் நம்பர் நாற்காலி அவருடையது. அங்கேதான் சிஸ்டர் அவருக்குக் கிடைத்தார்.

ஊசி போடுகிற சிஸ்டர் இல்லை. இவர் வேலையே வேறு. நோயாளிகளின் மனத்தெம்பைக் கவனிப்பதற்கென்றே ஆஸ்பத்திரி ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் போட்ட நர்ஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பெண். நல்ல பெண் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருத்தர்கூட இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அவர் கையில் ஒரு படிவம் இருக்கும். பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க். கஷ்டத்தை எப்படித் தாங்குகிறீர்கள், தூக்கம் எப்படி, உடம்பில் புதிதாக ஏதாவது மாற்றம் உண்டா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசுகிறீர்களா, இப்படி. ஆறாவது கேள்வி: 'உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?' நாற்பதுக்கு முப்பதுக்கு மேல் வாங்கினால் பச்சை. இருபதுக்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்புக்காரர்களுக்கு சிஸ்டர் தினமும் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குவார், என்ன சொன்னாலும் அன்றைக்கே பெரிய டாக்டரின் காதுக்குப் போகும். பச்சைக்காரர்களுக்கு ஒரு சிரிப்பு.

கேள்வி கேட்கும்போது கூட வந்தவர்கள் வெளியே போய்விட வேண்டும். குடும்பத்தார் பக்கத்தில் இருந்தால் நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டார் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். மாஸ்டரின் மனைவி முதல் நாளே கேன்டீனுக்கு அனுப்பப்பட்டாள். மாஸ்டரும் "போ போ, அவங்க வேலையை அவங்க பார்க்கட்டும்" என்று விரட்டினார்.

"பயமா இருக்கா மாஸ்டர்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"என்கிட்ட லைசென்ஸ் வாங்கினவங்க நாலாயிரம் பேர் இந்த ஊர் ரோட்டுல ஓடுறாங்க சிஸ்டர். தினமும் அவங்களைத் தாண்டித்தான் இங்க வர்றேன். இதுக்குமேல என்ன பயம்?"

பக்கத்து நாற்காலிகள் எல்லாம் சிரித்தன. மருந்துப் பை தொங்கும் கம்பிகள்கூட ஆடின. சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முப்பத்தொன்பது போட்டார். நாற்பதே போட்டிருப்பார், ஆனால் மேலிடத்தில் நம்ப மாட்டார்களே என்று ஒன்றைக் குறைத்தார்.

அதற்குப் பிறகு சிஸ்டர் அவரிடம் பத்துக் கேள்வியையும் கேட்டதே இல்லை. சிஸ்டரைக் குறை சொல்லவும் முடியாது. அறுபது நோயாளிகள், ஆளுக்குப் பத்துக் கேள்வி, வாரம் இரண்டு முறை. எங்கேயாவது ஓரிடத்தில் மூச்சு விடவேண்டுமே, அந்த இடம் நாலாம் நம்பர் நாற்காலி. படிவத்தில் முப்பத்தொன்பதை முன்கூட்டியே எழுதிவிட்டு, பாக்கெட்டிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டை எடுப்பார். "இன்னிக்கு என்ன மாஸ்டர்?" என்று கேட்பார். மாஸ்டர் சொல்வதைத் தேதி போட்டு எழுதிக்கொள்வார். சோர்ந்து கிடக்கும் மற்ற நோயாளிகளுக்கு வாசித்துக் காட்டத்தான். தைரியமான நோயாளி என்றால் எல்லாருக்கும் கொள்ளைப் பிரியம். அவரால் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை பாருங்கள்.

ஒன்பதாம் நம்பர் நாற்காலியில் ஒருத்தர் இருந்தார். வங்கியில் கேஷியராக இருந்தவர். வார்டில் அவருக்கு அழுமூஞ்சி என்று பெயர். எட்டு மார்க்குக்கு மேல் அவர் வாங்கியதே கிடையாது. ஊசியைப் பார்த்தால் அழுகை, ஊசி போடாவிட்டால் மறந்துவிட்டார்களோ என்று அழுகை. ஒருநாள் முழங்கால் லேசாக வலிக்கிறது என்றார். சிஸ்டர் ஓடினார், டாக்டர் வந்தார், மறுநாளே ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலில் ஒன்றும் இல்லை, கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டிருக்கிறார். மாஸ்டர் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டினார்.

அந்த வாரம்தான் மாஸ்டருக்கு முதுகு வலி ஆரம்பித்தது.

சாதாரண வலி இல்லை. தோள்பட்டைகளுக்கு நடுவே, எலும்புக்குள்ளேயே யாரோ திருகுகிற வலி. இருமினால் உயிர் போனது. திங்கட்கிழமை சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். சிஸ்டர் நோட்டோடு வந்து நின்றார். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

"முதுகுக்குள்ள யாரோ உட்கார்ந்து கியர் போடுறாங்க சிஸ்டர். இருமினா போதும், டாப் கியருக்குத் தூக்குறான்."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் சொல்லிவிட்டோம் என்று அவர் மனசுக்குள் ஒரு நிம்மதி. சொன்னால் போதும், மீதியை அவங்க பார்த்துக்குவாங்க. அவர் வண்டியில் எப்போதும் அப்படித்தானே. ஓட்டுகிறவர் எப்படி ஓட்டினாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் கால் பிரேக்மேல் இருக்கும்.

வியாழக்கிழமை: "நெஞ்சைச் சுத்தி பெல்ட் போட்டு யாரோ இறுக்குறாங்க. காலம் பூரா ஊருக்கே சீட் பெல்ட் போடச் சொன்னேன்ல, பழி வாங்குது."

அடுத்த திங்கள்: "கால் ரெண்டும் புதுசா சேர்ந்த ஸ்டூடண்ட் மாதிரி இருக்கு சிஸ்டர். லெஃப்ட்ல போன்னா ரைட்ல போகுது."

அடுத்த வியாழன்: "நேத்து செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல. வீட்டுக்குள்ள வந்து பாத்தாதான் ஒரு கால் வெறுங்கால். திருடன்கூட இவ்வளவு நைசா எடுக்க மாட்டான்."

ஒவ்வொன்றையும் சிஸ்டர் தேதி போட்டு எழுதினார். ஒவ்வொரு நாளும் படிவத்தில், 'உடம்பில் புதிதாக ஏதாவது மாற்றம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தது. அது முன்கூட்டியே எழுதிய 'இல்லை'.

வீட்டில் மனைவி கேட்டாள். "செருப்பு எங்கங்க?"

"வார் அறுந்து போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

"ஏன் சுவரைப் புடிச்சுக்கிட்டே நடக்குறீங்க?"

"மருந்து. அசதி."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோக் ஏதும் வரவில்லை. அவள் நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போனாள். இருபத்தெட்டு வருஷமாக நம்பிய கணக்கு அவளுடையது. அவர் வாயை மூடியிருந்தால் ரோடு காலி என்று அர்த்தம். அந்தக் கணக்கில் மண்ணைப் போட அவருக்குத் தெரிந்திருந்தது, அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மடத்தனம் என்றால் இதுதான்.

மூன்றாவது திங்கட்கிழமை காலையில் மனைவிதான் வண்டி ஓட்டினாள். ஸ்கூலை மூடிய பிறகு மிச்சமிருந்த அதே வண்டி. மாஸ்டர் தன் பழைய சீட்டில், காலடியில் தன் பழைய பிரேக்கோடு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் தாண்டி வளைவில் திரும்பியபோது சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே பாய்ந்தார். மனைவி பிரேக் போட்டாள், வண்டி நின்றது, சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், தினமும் நடக்கிற விஷயம்.

ஆனால் மாஸ்டர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளைப் பார்த்ததும் அவரும் மிதித்தார். மிதித்தேன் என்றுதான் நினைத்தார். கால் வைத்த இடத்திலேயே கிடந்தது, வேறு யாருடைய காலோ மாதிரி. நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்தது. பக்கத்தில் மனைவி. பல்லைக் கடித்து விழுங்கினார்.

இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும். ஜோக்கெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நேராக, தமிழில்: சிஸ்டர், எனக்குக் கால் வரவில்லை, பயமாக இருக்கிறது. வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். முதல்முறை வண்டியில் ஏறுகிறவன் கிளட்ச், கியர், ஆக்ஸிலேட்டர் என்று முணுமுணுப்பானே, அந்த மாதிரி.

வார்டுக்குள் ஒருவழியாகச் சுவரையும் நாற்காலிக் கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். சிஸ்டர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஓடி வந்தார்.

"மாஸ்டர்! வியாழக்கிழமை நம்ம பிரிவோட முதல் வருஷ விழா. டைரக்டர் வர்றாரு. நீங்கதான் பேசணும், நான் சொல்லிட்டேன். விழா நல்லா நடந்தா என் வேலையை நிரந்தரமாக்கிடுவாங்களாம்." கடைசி வரியைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்க மார்க்கைத்தான் பெருசா போர்டுல போடப்போறோம்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அழுமூஞ்சிகூடத் தட்டினார், ஊசி குத்தாத கையால் தொடையில்.

"சிஸ்டர்" என்றார் மாஸ்டர்.

"சொல்லுங்க மாஸ்டர்." நோட்டு திறந்திருந்தது. பேனா காத்திருந்தது. பதினோரு முகங்கள் திரும்பி, சிரிக்கத் தயாராக இருந்தன.

எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. மாஸ்டரின் குரல் தன்னால் லேசானது.

"பாத்ரூம்ல போய் நின்னா சிக்னல் விழவே மாட்டேங்குது சிஸ்டர். அரை மணி நேரமா ரெட்டு. பின்னாடி நிக்குறவங்க ஹாரன் அடிக்குறாங்க."

வார்டே வெடித்துச் சிரித்தது. சிஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுதினார். முப்பத்தொன்பது ஏற்கனவே எழுதியாகிவிட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு விழா. ஆஸ்பத்திரியின் கூட்ட அரங்கில் நூறு நாற்காலி, மேடை, மேடைக்கு மூன்று படி. 'மனத்தெம்பே மருந்து' என்று பின்னால் துணி கட்டியிருந்தார்கள். ஒரு பெரிய பலகையில் நோயாளிகளின் மார்க்கெல்லாம் கோடு கோடாக ஏறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பச்சையாக ஒரு கோடு, ஏறாமல் இறங்காமல் நேராகப் போனது. ஒரு வருஷமாக ஒரு மனுஷன் ஒரே மாதிரி இருக்கிறானே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டைரக்டர் அதைக் காட்டி "அற்புதம்" என்றார்.

மாஸ்டரின் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விழாவுக்குக் குடும்பத்தார் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் அவர் பேசி அவள் கேட்கப்போவது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பெயரைக் கூப்பிட்டதும் மாஸ்டர் எழுந்தார். நாற்காலிகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்தார். முதல் படி ஏறினார். இரண்டாம் படியில் காலைத் தூக்கினார், கால் வரவில்லை. அப்படியே முன்பக்கமாக மேடைமேல் விழுந்தார். மைக் ஸ்டாண்டு சரிந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

முன்வரிசையில் இரண்டு பேர் பாதி எழுந்தார்கள்.

"மன்னிக்கணும்" என்றார் மைக்கில், தரையில் கிடந்தபடியே. "பார்க்கிங் இங்கதான் கிடைச்சுது."

நூறு பேரும் சிரித்தார்கள். டைரக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம்தான் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. சிஸ்டர் ஓரமாக நின்று, பெருமை தாங்காமல் கைதட்டினார்.

மாஸ்டர் கையை ஊன்றி எழப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. இல்லவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஜோக் ஏதும் மிச்சமில்லை.

"சிஸ்டர்" என்றார் மைக்கில். "என்னால எழுந்திருக்க முடியல. கால் ரெண்டும் போயிடுச்சு. எனக்குப் பயமா இருக்கு."

மூன்று வாரமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லியே விட்டார். நேராக, தமிழில். சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். "என்ன நடிப்பு பாத்தீங்களா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

கடைசி வரிசையிலிருந்து மனைவி எழுந்து வந்தாள். கைதட்டிக்கொண்டு நிற்பவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மண்டியிட்டு, அவர் தொடையில் தன் நகம் பதியும்படி கிள்ளினாள். மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள். அவர் திரும்பவில்லை.

"கைதட்டுறதை நிறுத்துங்கடா!" என்று அவள் கத்தினாள். முன்வரிசையில் இருந்த சிலர் அதற்கும் சிரித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஸ்கேன் வந்துவிட்டது. முதுகெலும்பில் வளர்ந்த கட்டி, உள்ளே போகும் தண்டுவடத்தை நசுக்கிவிட்டிருந்தது. பெரிய டாக்டர் கட்டிலருகே நின்றார். பக்கத்தில் மனைவி. கால்மாட்டில் சிஸ்டர், முகத்தில் ரத்தமே இல்லை.

"எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். "யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?"

மாஸ்டர் தலையைத் திருப்பினார். சிஸ்டரைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இருந்திருந்தாலாவது சிஸ்டர் தப்பித்திருப்பார். மாட்டிக்கொண்ட இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுபோல் இருந்தது. சிஸ்டரின் கை பாக்கெட்டுக்குள் போய் அந்த நீல நோட்டை எடுத்து டாக்டரிடம் நீட்டியது. யாரும் கேட்காமலே கொடுத்தார் என்பதை அவர் கணக்கில் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் வாய்விட்டு வாசித்தார். தேதியோடு வாசித்தார்.

"முதுகுக்குள்ள யாரோ உட்கார்ந்து கியர் போடுறாங்க. இருமினா டாப் கியர்." பக்கத்தைத் திருப்பினார். "நெஞ்சைச் சுத்தி பெல்ட்." திருப்பினார். "லெஃப்ட்ல போன்னா ரைட்ல போகுது." திருப்பினார். "செருப்பு கழண்டது தெரியல." கடைசிப் பக்கம். "சிக்னல் விழ மாட்டேங்குது."

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் அடித்த ஜோக்குகளுக்கு யாரும் சிரிக்காமல் இருந்தது அன்றுதான். என்னிடம் மருத்துவம் படிக்கும் மாணவர்கள்கூட ஒரு நோயாளியின் கதையை இவ்வளவு வரிசையாக எழுதியதில்லை என்றார் டாக்டர். அவர் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். ஒவ்வொரு அறிகுறியும் வந்த நாளில், வந்த வரிசையில், அழகான கையெழுத்தில் இருந்தது.

"மூணாவது ஜோக்கப்போ வந்திருந்தா, நடந்தே வீட்டுக்குப் போயிருக்கலாம்" என்றார். "இனிமே கஷ்டம். கதிர்வீச்சு வைத்தியம் குடுப்போம், வலி குறையும். கால் திரும்பாது."

"என்னை ஏன் ஒருத்தரும் கேக்கல?" என்றாள் மனைவி. சத்தம் போடவில்லை. "அந்த நோட்டை ஒரே ஒரு நாள் எங்கிட்ட காட்டியிருந்தா போதுமே. என்னைக் கேன்டீன்ல உக்கார வெச்சீங்களே. நான் மூணு வாரமா காப்பி குடிச்சிட்டிருந்தேனே."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். மாஸ்டர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். சிஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கில் கால் வைத்திருக்கிறார் என்று அவர் நம்பியிருந்தார். இவர் மாஸ்டர் ஆயிற்றே, பிரேக் இவர் காலடியில்தான் இருக்கும் என்று சிஸ்டர் நம்பியிருந்தார். இப்படி இரண்டு பேரும் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே போய் மோதிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து சிஸ்டர் படிவத்தோடு வந்தார். சிஸ்டரின் வேலை நிரந்தரமாகிவிட்டது. விழாவில் கிடைத்த கைதட்டலை டைரக்டர் மறக்கவில்லை, நோட்டு விஷயம் அவர் வரை போகவும் இல்லை. மனைவியை வெளியே போகச் சொல்லவில்லை இந்தத் தடவை. பத்துக் கேள்வியையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். தூக்கம்? இல்லை. பசி? இல்லை. மனம்விட்டுப் பேச ஆள்? மாஸ்டர் மனைவியைப் பார்த்தார், ஒரு மார்க் கிடைத்தது. ஆறாவது கேள்வி வந்ததும் சிஸ்டர் அதைத் தாண்டி ஏழுக்குப் போனார். கூட்டிப் பார்த்தால் ஆறு. அழுமூஞ்சியைவிட இரண்டு குறைவு.

சிவப்பு. தினமும் ஒரு மணி நேரம், பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. இரண்டு காலையும் கொடுத்து வாங்கிய ஒரு மணி நேரம்.

முதல் நாள் அந்த நேரத்தில் சிஸ்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். படிவத்தைப் பிரித்தார், மடித்தார். கால் மணி நேரம் போனது, அரை மணி நேரம் போனது. பிறகு சிஸ்டர் உடைந்துவிட்டார். கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்க மாஸ்டர், என்னை மன்னிச்சிடுங்க" என்று தேம்பித் தேம்பி அழுதார். அவருக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் மாஸ்டர் சிஸ்டரின் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அழாதீங்கம்மா" என்றார். "நீங்க என் கால்லயே விழுந்தாலும் எனக்குத் தெரியப்போறதில்ல. ஸ்டூல்லயே உட்காருங்க."

அழுகைக்கு நடுவே சிஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழக்கதோஷத்தில் கை பாக்கெட்டிலிருந்த பேனாவைத் தேடியது.

மனைவி எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

"எழுதாதீங்க. கேளுங்க."

சிஸ்டர் புரியாமல் விழித்தார்.

"அந்த ஆறாவது கேள்வி. அன்னிக்குத் தாண்டிட்டீங்கல்ல. இப்பக் கேளுங்க."

சிஸ்டர் கண்ணைத் துடைத்தார். "பயமா இருக்கா மாஸ்டர்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது, வழக்கமாக ஜோக் புறப்படும் பக்கம். இரண்டு பெண்களும் அசையாமல் காத்திருந்தார்கள். அந்தக் கோணல் மெல்ல மெல்லச் சரிந்தது.

"ஆமா" என்றார். "ரொம்ப. ராத்திரியெல்லாம் நான்..."

கதவு திறந்தது. அழுமூஞ்சி நின்றுகொண்டிருந்தார், கன்னமெல்லாம் ஈரம். "சிஸ்டர், மணி பன்னெண்டு. என் டைம். எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி படபடன்னு வருது."

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

"போங்க போங்க" என்றார் மாஸ்டர். அவர் குரல் லேசாகிவிட்டிருந்தது, ஊஞ்சலில் ஆடுகிறவர் குரல். "அவரு வண்டியை முதல்ல அனுப்புங்க. நான் எங்க போயிடப்போறேன்?"

சிஸ்டரின் முகம் தெளிந்தது. "நாளைக்குப் பேசுவோம் மாஸ்டர்" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்தார். மறுபடியும் நம்பிவிட்டார்.

மனைவி மட்டும் சடாரென்று போர்வையைப் பார்த்தாள். அதற்குள்ளே மாஸ்டர் தன் வலது காலால் பலம்கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டிருந்தார். போர்வை அசையவில்லை.